பத்தாவது மரக்கரண்டி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், என் கண்ணெதிரே.

லிவர்பூலிலிருந்து கிளம்பிய அடிமைக் கப்பலில் நான் மாலுமி. ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றிய மனிதர்களை ஜமைக்காவுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தோம். அவர்களுக்குச் சாப்பாடு போடுவது என் வேலை. பத்துப் பேருக்கு ஒரு தொட்டி அவித்த மொச்சை, பத்து மரக்கரண்டி. சாப்பிட்டதும் கரண்டிகளை எண்ணி வாங்கிவிட வேண்டும்.

ஆண்களை இரண்டிரண்டு பேராகக் காலில் விலங்கு பூட்டியிருப்போம். தினமும் காலை எட்டு மணிக்கு அடித்தட்டில் இறங்கி, செத்தவர்களைக் கழற்றி எடுப்போம். மூக்கருகே கண்ணாடி வைத்து மூச்சு பார்ப்பது வைத்தியர் பிங்லியின் பொறுப்பு. ஒரு நாள் அவரே காய்ச்சலில் விழுந்துகிடந்தார்.

கன்னத்தில் மூன்று கீறல் தழும்பு உள்ளவன் அசையவில்லை. உலுக்கினேன். ம்ஹூம். கண்ணாடி எடுக்க மேலே போனால் திரும்ப அந்த நாற்றத்துக்குள் இறங்க வேண்டும். எனக்குச் சோம்பல். முடிந்தது என்று சொல்லிவிட்டேன். அவனோடு பூட்டியிருந்தவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னவோ கெஞ்சினான். உதறிவிட்டேன்.

நானும் என் கூட்டாளி ஹார்ன்பியும் தழும்புக்காரனைத் தூக்கிக் கடலில் போட்டோம். யாரும் கடலில் குதிக்காமலிருக்கக் கட்டிய வலையை, விழும்போது அவன் விரல்கள் பற்றியதுபோல் இருந்தது. கப்பல் ஆட்டம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் நாலு மணி. அவன் சாப்பிட்ட தொட்டிக்கு, ஓராள் குறைந்ததால், ஒன்பது கரண்டி கொடுத்தேன்.

திரும்பி வந்தது பத்து.

பத்தாவது சில்லென்று இருந்தது. சொட்டச் சொட்ட உப்புத் தண்ணீர்...

"எண்ணக்கூட வராதாடா உனக்கு?" என்று ஹார்ன்பி சிரித்தான். மறுநாள் அவனே எண்ணிக் கொடுத்தான். ஒன்பது. வந்தது பத்து. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓராள் இடம் மட்டும் காலி. அங்கே அவன் காலிலிருந்து கழற்றிய வெறும் விலங்கு வளையம்... படுத்துக் கிடக்கவில்லை. நிமிர்ந்து நின்றது.

க்ளிங்...

வளையம் நகர்ந்தது.

மொச்சையில் ஒரு குழி விழுந்தது.

யாருடைய கரண்டியும் அங்கே இல்லை.

ஒன்பதாம் நாள் பிங்லி தட்டுத் தடுமாறித் தளத்துக்கு வந்தார். அவராகத்தான் கேட்டார்.

"கன்னத்துல மூணு கீறல் இருக்குமே, அவன் எங்கப்பா? நான் படுக்கையில விழுறதுக்கு முந்தின ராத்திரி வயித்து வலின்னு துடிச்சான். அபின் கொடுத்தேன். காலைல உலுக்கினாலும் அசைஞ்சிருக்க மாட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு முழிச்சு, பசிக்குதுன்னு வந்திருப்பானே?"