ஒழு முறித்தது அவளல்ல

நான் ஒரு பொய்யை நிறுவினேன்... ஒரு பிள்ளையின் மடிக்கணினியில், அவள் கண்ணெதிரிலேயே!

கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். படிப்பித்தவர் எவருமில்லை, கழற்றிப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல். வருகிறவர்களின் சொற்களைப் பொறுக்கி வைப்பேன். மெதுவாகிப்போன தன் கணினியைக் காட்டி ஒரு மீன் வியாபாரி, "இது நோம்பு புடிக்குது தம்பி" என்றார். இன்றும் அதைச் சொல்லித்தான் ஆட்களைச் சிரிக்க வைக்கிறேன்.

அப்படியிருக்க சிபானா வந்தாள். அண்ணன் முறையில் என்னை 'நானா' என்பாள். சவளக்கடையில் வயல் செய்கிறவரின் மகள். ஒலுவில் கம்பஸில் இறுதியாண்டு. நெல் இலையின் படத்தைப் பார்த்து நோயின் பெயர் சொல்லும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். படங்கள் வாப்பா எடுத்துக் கொடுத்தவை. செயலிக்கு ஒரு மென்பொருள் நூலகம் தேவை. யாரோ முன்பே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு அது. அதை நிறுவுமுன் வேறு சில மென்பொருட்கள், சரியான பதிப்பில், இருந்தாக வேண்டும்.

"நாம கேட்டது ஒண்டு, இது என்ன நானா, அதக் கொண்டா இதக் கொண்டா எண்டுது?"

"தொழப் போறதெண்டா ஒழு எடுக்கணும்தானே புள்ள? முதல்ல கை கால் கழுவச் சொல்லுது."

வாய்விட்டுச் சிரித்தாள். "லெக்சரர் கிழமைக் கணக்காச் சொன்னத்த ஒரு சொல்லில முடிச்சிட்டீங்களே!"

எனக்கு உச்சி குளிர்ந்தது... அந்தக் குளிர்தான் என்னைக் கெடுத்ததா?

திரையில் சிவப்பு எழுத்துகள். முன்தேவை ஒன்று பழைய பதிப்பு, பொருந்தாது என்றது. அதை மாற்றினேன்; இன்னொன்று குழம்பியது. எனக்கு விளங்கவில்லை. "விளங்கல்ல புள்ள" என்று சொல்லியிருந்தால் போதுமே! சற்று முன் அவ்வளவு புகழப்பட்ட வாயில்... அது வரவில்லை.

முன்தேவைகளைச் சோதிக்காமலே நிறுவு என்று கட்டளையிட ஒரு வழியுண்டு. அதைத் தட்டினேன். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றது திரை.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரமிருந்தது. ஜும்ஆவைச் சாட்டியதற்கு அல்லாஹ்விடம் வேறு கணக்குண்டு...

"எல்லாம் சரியா நானா?"

"ஓம் ஓம். ஒழுவோடதான் இரிக்கி."

அவளிடமிருந்த சிறிய படங்களுக்கு அது வேலை செய்தது. செய்து காட்டும் நாளில் பரீட்சகர்கள் பெரிய படமொன்றைக் கொடுத்தார்களாம். பாதியில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப நின்றது, அத்தனை பேர் முன்னால்.

அவள் என்னை ஏச வந்தாள் என்று நினைக்கிறீர்களா? இல்லை! மன்னிப்புக் கேட்க வந்தாள்.

"நீங்க சரியாத்தான் போட்டுத் தந்தீங்க நானா. நான்தான் ஊட்டுக்குப் போய் எதையோ அமத்தி ஒழுவ முறிச்சிட்டன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல புள்ள" என்றேன். அவளை மன்னித்தேன்... நான்!

முறிவதற்கு அங்கே ஒழுவே இருக்கவில்லையே!

பட்டம் கிடைத்தது. செயலியை அவள் பிறகு தொடவில்லை. வாப்பா மட்டும் கொஞ்ச காலம் இலைகளைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

போன கிழமை அதே மடிக்கணினியோடு வந்தாள். "எல்லாத்தையும் அழிச்சித் தாங்க நானா, தங்கச்சிக்கிக் குடுக்கப் போறன்."

"நெல்லுப் படங்களையுமா?"

"ஓம். எண்ட கையில ஒழு நிக்காது நானா." சிரித்தாள்.

என் சொல்! நான் கொடுத்த சொல்லாலேயே தன்னை அளந்து வைத்திருக்கிறாள்!

அழிக்குமுன், அவளைக் கேட்காமல், எல்லாவற்றையும் என் கணினியில் பிரதியெடுத்தேன். இப்போது எனக்கு முறை தெரியும். முன்தேவைகளை ஒவ்வொன்றாக, பதிப்புப் பார்த்து நிறுவினேன். அவளுடைய செயலியில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பெரிய படமொன்றைக் கொடுத்தேன். நோயின் பெயரைச் சொன்னது. அடுத்ததற்கும் சொன்னது...

அவளிடம் ஒரு பிழையும் இருந்ததில்லை. அதை அறிந்த ஒரே ஆள் நான். இப்போது நீங்களும்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். பள்ளியில் ஒழு எடுக்க உட்காருவேன். கையைக் கழுவுவேன், வாயைக் கொப்புளிப்பேன்... அவளிடம் இன்னும் திறக்காத அதே வாயை.