தோடிக்கு எரியும் சிவப்பு விளக்கு

மலைநாட்டு ஊரான உக்குவளையில், கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் நின்று, நாதஸ்வரச் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த அலுப்பு இன்னும் முதுகில் இருக்கிறது. கீபோர்டும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒலிக்க வேண்டுமாம், மாப்பிள்ளை வீட்டு ஆசை.

கீபோர்ட் வாசிக்கும் உள்ளூர்ப் பெண், சுருதி சேர்ந்தால் பச்சையும் விலகினால் சிவப்பும் காட்டும் போனை என் முன் நீட்டுகிறாள். தோடி ராகத்தில் ஒரு பிடி ஊதிக் காட்டுகிறேன்.

"காந்தாரம் வரும்போதெல்லாம் சிவப்பு எரியுதுங்க அண்ணே. கீழ் ஓட்டையில கொஞ்சம் மெழுகு வச்சுப் பாருங்களேன்."

"மெழுகு வைச்சுச் சுருதி சேர்த்தாச்சு, தங்கச்சி. சட்சத்துக்குப் பச்சைதானே எரியுது? காந்தாரம் அசையத்தான் வேணும். அசையாமல் நிண்டால் அது தோடி இல்லை."

"என் கீபோர்ட் கட்டையில அந்த அசைவுக்கு எடமே இல்லீங்களே."

"அப்ப அந்த இடத்தில நீங்கள் கையை எடுங்கோ."

"மாப்பிள்ளை வீட்ல கோவிப்பாங்க."

"கோவிக்கட்டும்."

மேடையேறி உட்காருகிறோம். தவில் தொடங்குகிறது. அவள் போனைக் கீபோர்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு என்னோடு வாசிக்கிறாள். காந்தாரம் நெருங்குகிறது. துளையைப் பாதி திறந்து, உதட்டைத் தளர்த்தி, அதை அசைக்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார். அவளும் அவரைப் பார்க்கிறாள். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

போனில் சிவப்பு எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே அந்தக் காந்தாரத்தை மறுபடியும், முன்னையதைவிட நீளமாக, ஊதுகிறேன்.