இடது கால் என்னுடையது

சாக்ஸ் பின்னுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முதல் காலை ஆசை ஆசையாக முடித்துவிடுவோம். இரண்டாவது காலைத் தொடக் கை வராது. அதே பூ, அதே கட்டம், அதே குதிகால் மறுபடியும் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? பெரம்பலூரில் என் வீட்டில் ஒற்றைக்கால் சாக்ஸ்கள் மட்டுமே ஒரு தலையணை உறை நிறையக் கிடந்தன.

இதற்கு வழி சொன்னவள் அரியலூர் ஆபீசில் எனக்கு அடுத்த மேஜைக்காரி. என்னைவிட ஆறு வயது இளையவள். அவளும் பின்னுகிறவள்; தனக்கும் இரண்டாவது கால் என்றால் அலுப்புதான் என்றாள்.

"அக்கா, நீங்க இடது கால், நான் வலது கால். ஆளுக்கு ஒண்ணு போட்டா ஜோடி ஆயிடும்ல?"

இப்படிச் சொன்னவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது எனக்கு. ஏழு வருடம் அப்படித்தான் ஓடியது.

கட்டம் போட்ட நோட்டில் டிசைனை இரண்டு பேரும் சேர்ந்து வரைவோம். பருத்திக்காய் என்னுடையது. கல்லாகிப்போன நத்தையின் சுருள் அவளுடையது. மண்ணைத் தோண்டினால் கல் நத்தை கிடைக்கிற அரியலூர்க்காரி வேறு எதைப் போடுவாள்? திங்கட்கிழமை பஸ்ஸில் என் இடது காலைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், தன் வலது காலோடு சேர்த்துத் தேய்த்து, காகிதத்தில் சுற்றி, உரியவரிடம் கொடுத்துவிடுவாள்; என் ஊர்க்காரர்களுக்கு என்றால் ஒட்டிய பொட்டலமாகவே என்னிடம் தருவாள். ஆபீசில் யார் காசி, பத்ரிநாத் என்று டூர் கிளம்பினாலும் எங்கள் சாக்ஸ்தான். "ரெண்டு பேரு போட்டதுன்னு சொல்லவே முடியலயே" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

நூல் முழுக்க என் வீட்டில்தான். அவளுடையது கூட்டுக் குடும்பம். ஒரு நூல்கண்டு கூடுதலாகக் கண்ணில் பட்டாலும் மாமியார் முகம் மாறிவிடும். அதனால் அவள் வாங்குவதும் என் வீட்டுக்கே வரும். பீரோ நிறைந்தது. கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ்கள் நிறைந்தன. கடைசியில் ஓடாத வாஷிங் மெஷினுக்குள்ளும் அடைத்தேன். "இது வூடா, நூல் மில்லா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இருப்பதைத் தீர்க்காமல் புதிது வாங்குவதில்லை என்று நானும் அவளும் பலமுறை சத்தியம் செய்திருக்கிறோம். செய்த வாரமே திருச்சிக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வந்ததும் உண்டு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆபீசில் எங்களோடு இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் சிறுவாச்சூரிலிருந்து வந்தார். பத்ரிநாத் போனபோது நாங்கள் கொடுத்த சாக்ஸில் இடது கட்டைவிரல் பக்கம் ஓட்டை.

"இடது காலு உங்களுதுதானேம்மா. நீங்களே தச்சுக் குடுத்துருங்க."

வாங்கி உள்பக்கத்தைத் திருப்பினேன். நிறம் மாறுகிற இடத்தில் நான் நூல் நுனிகளை முடிச்சுப் போடுவேன். அவள் முடிச்சே போடமாட்டாள்; நுனியை ஊசியால் கண்ணிகளுக்குள் நுழைத்து மறைத்துவிடுவாள். அந்த இடது காலில் ஒரு முடிச்சுகூட இல்லை. வலது காலையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டும் அவள் கை.

அந்த அம்மாவிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ஓட்டையைத் தைத்துக் கொடுத்தேன். அவர் போனதும் தெருமுனை டீச்சர் வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் ஓடினேன். ஏதோ சாக்குச் சொல்லி, நாங்கள் அவர்களுக்குக் கொடுத்திருந்த ஜோடிகளையும் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எதிலும் முடிச்சு இல்லை. நாத்தனாரிடம் "இடது கால் நான் போட்டதாக்கும்" என்று எத்தனை தரம் பீற்றியிருப்பேன்!

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"உங்க கை கொஞ்சம் லூசுக்கா. ரெண்டு காலும் ரெண்டு சைஸா இருந்துச்சு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு பிரிச்சுட்டு அந்த நூல்ல நானே போட்டுட்டேன்."

"எத்தனை ஜோடி?"

"எல்லாத்தையுந்தான்."

"அப்ப எதுக்குடி ஏழு வருசமா என்னையப் பின்ன வச்ச?"

"குக்கர் விசிலடிக்குதுக்கா. திங்கக்கெழம பேசுவோம்."

வைத்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் "சூப்பர்க்கா" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, வீட்டுக்குப் போய் உருவிப் போட்டிருக்கிறாள். நான் முடித்து அனுப்பிய ஒரு கால்கூட இந்த உலகத்தில் எவர் காலிலும் இல்லை.

அந்த வாரத்துக்கான இடது கால் நீல நூலில் தயாராக இருந்தது. போட்டுக்கொண்டு சமையலறை வரைக்கும் நடந்தேன். வழியிலேயே கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. அவள் சொன்னது சரிதான். அதற்காக என் மனது ஆறவில்லை. முதல் வாரமே சொல்லியிருந்தால் நான் கையை இறுக்கக் கற்றுக்கொண்டிருப்பேனே. இரண்டாவது காலைப் போட அலுக்கிறது என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டவள், எனக்காக இரண்டாவது காலையும் சலிக்காமல் போட்டிருக்கிறாள் என்றால், நான் எதற்கு? அவளுக்கு நான் கூட்டாளியா, இல்லை நூல் வைக்கிற பீரோவா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தச் சாக்ஸை நானே பிரித்தேன். போட ஒரு வாரம் ஆனது, பிரிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. உருண்டையாகச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உருண்டையை அவள் மேஜையில் வைத்தேன்.

"இந்தா, பிரிச்சே கொண்டாந்துட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்."

ஒரு சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். "தப்புதாங்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே மதியம் ஒன்றாகச் சாப்பிட்டிருப்போம். அவள் உருண்டையைக் கையில் எடுத்து, ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இந்த நீலத்துல மீதி உங்க வூட்டுல இருக்காக்கா?"

"இருக்கு" என்றேன்.