போன வருட மெடல்

புது மெடல் பெட்டியைப் பிரித்தால் ஒரு வாசனை வரும்... இரும்பும் பெயிண்டும் கலந்த மாதிரி. ஒரு வருடம் முழுக்க எங்கள் பூஜை அறையில் சாம்பிராணியையும் மீறி அந்த வாசனைதான்.

திண்டுக்கல்லில் நாங்கள் சிலர் சேர்ந்து ஓட்டக் குழு நடத்துகிறோம். வருடம் ஒருமுறை பந்தயம்; பணம் கட்டி ஓடுகிற எல்லோருக்கும் மெடல். அதில் மிஞ்சும் பணத்தில் கன்னிவாடிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷூ. தையல்கடை வைத்திருக்கும் கலா அக்கா செயலாளர். கணக்கு என் பொறுப்பு.

ஆரம்பத்தில் யாரும் முன்கூட்டிப் பணம் கட்ட மாட்டார்கள். "காலைல வந்து குடுத்துர்றேன்க்கா" என்பார்கள். அந்த வாய்ச்சொல்லை நம்பி, வருடத்தையும் பொறித்து மெடல் அடித்துவிட்டோம். பந்தயத்தன்று விடியற்காலையில் பிடித்த மழை விடவே இல்லை. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதி மெடல் முருகன் படத்துக்குக் கீழே குடியேறியது.

அடுத்த பந்தயம் வந்தது. கையிருப்பு புது மெடலுக்குக் காணும், இல்லையென்றால் ஷூவுக்குக் காணும். இரண்டுக்கும் காணாது.

"பழசவே குடுப்போம்," என்றார் அக்கா.

"ஏசுவாங்கக்கா. காசு வாங்கிட்டு ஏமாத்துறாகன்னு."

"ஏசட்டும்த்தா. மொதல்ல நானே சொல்லிப்புடுறேன். முருகன் காவலுக்கு இருந்ததுல துருவாச்சும் பிடிக்காம இருக்கே."

ஓட்டம் தொடங்கும் முன் மைக்கைப் பிடித்தார்.

"மெடல்ல போன வருசம்தான் போட்டிருக்கு. புதுசு வாங்குனா பிள்ளைகளுக்கு ஷூ கிடையாது. வேணாங்கிறவுக அந்த மேசைல காச திருப்பி வாங்கிக்கங்க."

மேசையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த கந்த சஷ்டி கவசம் பாதியில் நின்றுவிட்டது... பெரிய மீசைக்காரர் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன்.

"காசு இருக்கட்டும்மா. இந்த பின்னு ஒண்ணு குடுங்க, நம்பர் கழண்டுருச்சு. போன வருசம்னா நல்லதுதானே, ஒரு வயசு கொறஞ்ச மாதிரி."

அதற்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஷூ வந்தது.

இன்று போனிலேயே பணம் வந்துவிடுகிறது. எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் மெடலுக்குச் சொல்கிறோம். ஆடிட்டர் இருக்கிறார். முருகன் புண்ணியத்தில் மெடலுக்கும் ஷூவுக்கும் சேர்த்தே பணம் இருக்கிறது.

ஓட வருகிறவர்களிடம் எதையும் விட்டுத்தரச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை இப்போது. கேட்டால் தருவார்களா என்று தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அன்றைக்குக் கலா அக்கா கேட்டார். வந்திருந்த அத்தனை பேரும் தந்தார்கள்.