வாய்மொழித் தேர்வுக்கு வைத்த பேனர்

காலை ஒன்பது பத்துக்குச் செங்கல்பட்டில், கல்லூரி வாசலில் நான் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். பத்தடி பேனரில் என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போட்டிருந்தது. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பதினொரு மணிக்குத்தான். கட்டியிருந்தவர் என் மைத்துனர். கழற்றச் சொன்னேன்.

“இன்னா மச்சான், ஆறு வருஷமா படிச்சிகினு கீற. இன்னிக்கும் பெயிலாவியா?”

அதற்குள் புறத்தேர்வாளரின் கார் வந்துவிட்டது. இறங்கியவர் பேனரை நிதானமாகப் படித்தார். பட்டம் போயிற்று என்றே நினைத்தேன்.

தேர்வறையில் அவருடைய முதல் கேள்வி, பேனரில் நெறியாளர் படத்தைவிடத் தன் படம் ஏன் சிறியது என்பது. தேர்வு முடிந்து அவரும் நானும் மாமல்லபுரத்தில் வஞ்சிர மீனோடு சாப்பிட்டுத் திரும்புவதற்குள் மைத்துனர் அவர் படத்தைப் பெரிதாக்கிப் புது பேனர் கட்டியிருந்தார். புறத்தேர்வாளர் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஆய்வேட்டில் திருத்தம் எதுவும் தேவையில்லை என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார்.