சல்லடை அக்காவின் நேரலை

"வாங்க கண்ணு, வாங்க ராசா. யாரெல்லாம் வந்திருக்கீங்க, ஆளுக்கு ஒரு பூ போடுங்க பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே சல்லடையை ஆட்டுகிறார். கடைக்குள் வாங்குபவர் எவரும் இல்லை. இரண்டு தேன் புட்டிகளுக்கு நடுவே, முதுகுக்கு ஓர் உப்புப் பொட்டலத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் கைபேசிக்குத்தான் இந்த வரவேற்பு. திரையின் அடியிலிருந்து பூக்களும் பெயர்களும் மேலேறுகின்றன. "ஆ, வந்துட்டீங்களா, உங்களைத்தான் காணோமேன்னு பார்த்தேன்" என்று ஒரு பெயரை நோக்கிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை, உண்மையிலேயே தேடியிருக்கிறார்.

ஐம்பதை நெருங்கும் இந்தப் பெண்மணி ஓர் இயற்கை அங்காடி நடத்துகிறார். எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் எதையாவது சலித்தபடியேதான் தொடங்குவார் என்பதால், பின்தொடர்பவர்கள் அவருக்கு இட்ட பெயர் சல்லடை அக்கா. சலிக்க ஒன்றும் அகப்படாத நாளில், சலித்த மாவையே மறுபடி சலிப்பார். சிறு வணிகர்கள் சமூக ஊடகத்தின் வழியே பொருள் விற்கும் முறையை ஆராயும் பொருட்டு அவரது கடையில் சில மாதங்கள் உட்கார்ந்திருக்க எனக்கு வாய்த்தது. "ஆராய்ச்சியா? தாராளமா பண்ணுங்க. ஆனா அந்த மூட்டை மேல உட்காராதீங்க, அது அவல், நொறுங்கிடும்" என்பதே அவர் அளித்த அனுமதி.

முகம் தெரியாதவர்களை அழைப்பதற்கு அவரிடம் ஓர் ஒழுங்குமுறை உண்டு. பெயருக்குப் பக்கத்தில் பூவின் படம் வைத்திருப்பவர் யாராயினும் 'அக்கா'. குழந்தையின் படம் என்றால் 'கண்ணு'. கறுப்புக் கண்ணாடி அணிந்து வண்டிமேல் சாய்ந்து நிற்பவர் 'ராசா'. படமே இல்லாதவர் 'ஐயா', "யாருன்னு தெரியாத வரைக்கும் மரியாதை குறையக் கூடாது பாருங்க." ஒருமுறை பூப்படக்காரர் ஒருவர், தாம் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி என்றும் தம்மை அக்கா என்று அழைப்பது முறையல்ல என்றும் எழுதிக் கண்டித்தார். "அப்போ பூவை எடுத்துடுங்க ஐயா" என்று பதில் சொல்லிவிட்டு, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இந்த ஒழுங்குமுறையில் 'தம்பி' என்ற அழைப்புக்கு மட்டும் இடமில்லை என்பதை நான் தாமதமாகவே கவனித்தேன்.

விற்கும் முறை வழக்கத்துக்குத் தலைகீழானது. பொருளின் குறையைத்தான் முதலில் காட்டுவார். அரிசியில் தட்டுப்பட்ட கல்லை விரல் நுனியில் ஏந்தி ஒளிப்படக் கருவியின் கண்ணுக்கு அருகே கொண்டுபோவார். பயற்றில் வண்டு ஊர்ந்தால், "பாருங்க, வண்டுக்கே பிடிச்சிருக்கு. வண்டு தொடாததை நீங்க ஏன் தொடுறீங்க?" என்பார். காணொளியை வெட்டி ஒட்டும் வேலை கிடையாது. இருமினால் இருமல், விக்கினால் விக்கல், அப்படியே ஏறும். நேரலை தவிர்த்த காணொளிகள் மூன்று நிமிடத்தைத் தாண்டுவதில்லை. "அதுக்கு மேல பேசினா கட்டின புருஷனே எழுந்து போயிடுவான்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாது, நான் கட்டிக்கல."

இந்த முறை பலித்தது. பலித்ததன் விளைவாகக் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. எல்லோரும் கைபேசியில் கேட்கிறார்கள். கைபேசியில் பணம் செலுத்துகிறார்கள். பைகளை டெலிவரிக்காரர் அள்ளிக்கொண்டு போகிறார். அவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றுவதில்லை. "மூஞ்சியக் காட்டுப்பா. இவ்வளவு நாளா வர்ற, ரோட்டுல பார்த்தா எனக்கு அடையாளம் தெரியாது" என்று சல்லடை அக்கா கேட்பார். "நேரம் இல்லக்கா" என்ற குரல் கவசத்துக்குள்ளிருந்து வரும். நண்பகலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கல்லாவின் மீது வைத்து, எதிரே கைபேசியை நிறுத்தி, எங்கோ ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டே பேசும் காணொளியை ஓடவிடுவார். அவள் குடிக்கும்போது இவரும் தண்ணீர் குடிப்பார்.

வேலை மும்முரத்தில் சில வேளை, திரும்பிப் பார்க்காமலே, "அந்தச் சின்ன மூட்டையை இப்படி எடு" என்று பின்னறையை நோக்கிச் சொல்வார். சற்றுப் பொறுத்துத் தாமே எழுந்துபோய் எடுத்து வருவார். அந்தச் சொல்லுக்கு உரியவர் அவருடைய தம்பி.

தந்தை விட்டுச்சென்ற சாதாரண மளிகைக் கடையை அக்காவும் தம்பியுமாகத்தான் நடத்தி வந்தார்கள். அக்காலத்தில் சாயம் ஏற்றிய மஞ்சள்தூள் மூட்டை ஒன்று கடைக்குள் வந்துவிட்டது. வாங்கிப் போனவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகே இருவரும் இயற்கைப் பொருள்களுக்கு மாறினார்கள். புதிய கடைக்கு ஆள் சேரவில்லை. அப்போது சல்லடை அக்கா அந்த மஞ்சளின் கதையைக் காணொளியாகச் சொன்னார். "என் தம்பி ஒரு ஏமாளிங்க. பளபளன்னு இருந்தா போதும், பல்லைக் காட்டிட்டு மூட்டையோட வந்துடுவான். கை கழுவின தண்ணி சாயமா ஓடினதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு." தம்பி மூட்டையைச் சுமந்து வரும் நடையையும் நடித்துக் காட்டினார்.

ஊர் சிரித்தது, பகிர்ந்தது, பொருள் கேட்டு வந்தது. 'ஏமாளித் தம்பி' என்பது தெரியாதவர்களும் சொல்லும் கேலிப்பெயராயிற்று. தம்பியின் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, அவரை நடுவில் உட்காரவைத்தே அதை ஓடவிட்டுச் சிரித்தார்களாம். அந்த வாரமே அவர் மனைவியுடன் வேறு ஊருக்குப் போய், ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. காணொளி மட்டும் கடையின் இணையப் பக்கத்தின் உச்சியில் அப்படியே இருந்தது. "அதுதான் சோறு போடுது. அதைப் போய் எப்படி எடுக்குறதுன்னு இருந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

செய்திகள் குவியத் தொடங்கியதும், தானாகப் பதில் அனுப்பும் ஏற்பாடு ஒன்றைக் கடை எண்ணில் பொருத்தினார். அந்நாள்களில் ஒரு முற்பகல், பின்னறையில் அரைவை இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தம்பியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அந்த உரையாடலை அவர் அழிக்கவில்லை. கேட்காமலே எனக்குக் காட்டினார்.

"அக்கா, அந்த வீடியோவை எடுத்துடு" என்று தம்பி எழுதியிருக்கிறார்.

"வணக்கம்! எங்கள் அங்காடியை நாடியமைக்கு நன்றி. அரிசிக்கு 1, பருப்புக்கு 2, எண்ணெய்க்கு 3 என அனுப்பவும்" என்று கடை பதில் சொல்லியிருக்கிறது.

"அக்கா, நான்தான்."

"மன்னிக்கவும், புரியவில்லை. அரிசிக்கு 1, பருப்புக்கு 2, எண்ணெய்க்கு 3 என அனுப்பவும்."

"சரி" என்ற ஒரே சொல்லோடு தம்பி நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லும் புரியவில்லை என்று கடை மன்னிப்புக் கேட்டிருக்கிறது.

சல்லடை அக்கா கையில் மாவோடு வந்து அதைப் படித்தபோது மாலையாகிவிட்டது. உடனே காணொளியை நீக்கினார். தானியங்கிப் பதிலையும் நீக்கினார். தம்பியை அழைத்தார்; அவர் எடுக்கவில்லை. அன்றிலிருந்து யார் எழுதினாலும் தாமே குரலில் பதில் சொல்கிறார். எண்ணெய் விலை கேட்டவரிடமும் "சாப்பிட்டீங்களா, வெயில் எப்படி இருக்கு அங்க" என்று விசாரிப்பதால், ஒரு பதிலுக்கு ஆகும் நேரத்தில் வேறொருவர் மூன்று பை கட்டிவிடுவார். தம்பிக்கும் குரல் அனுப்புகிறார். கேட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக நீலக் குறி விழுகிறது. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை.

நான் அங்கிருந்த கடைசி வாரத்தில், நீக்கிய காணொளி திரும்பி வந்தது. எவரோ முன்பே சேமித்து வைத்திருந்ததை, கோமாளி இசை சேர்த்து, வேறொரு பக்கத்தில் ஏற்றியிருந்தார். டெலிவரிக்காரர் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். "அக்கா, மறுபடியும் வைரல் ஆகிட்டீங்க. அந்த ஏமாளித் தம்பியப் பார்த்து எங்க வீட்டுல உருண்டு உருண்டு சிரிக்கிறா." இளம் முகம், நல்ல பல்வரிசை. சல்லடை அக்கா அந்த முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பையின் வாயை மடித்து ஒட்டி நீட்டினார்.

எதிர்க்கடைத் தையல்காரர், மடிப்பு தைக்க வேண்டிய பாவாடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, கையால் தைக்கத் தொடங்கினார். இந்தத் தெருவில் சல்லடை அக்காவை 'டி' போட்டுப் பேசுபவர் அவர் ஒருவரே.

"அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி அதைப் போட்டவனுக்கு எழுதிட்டேன்" என்றார் சல்லடை அக்கா.

"அவன் எடுத்தா இன்னொருத்தன் போடுவான். கொட்டின எண்ணெயை ஸ்பூனால வழிக்கப் பார்க்குற நீ."

"தம்பிகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா."

"எங்க வச்சுக் கேட்ட?"

"போன்லதான். அவனுக்கு மட்டும்."

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஊரைக் கூட்டி வச்சு அடிச்சுட்டு, காதோரமா வந்து மன்னிப்புக் கேட்டா எப்படிடி?"

"உனக்கு முழுசும் தெரியாது."

"தெரியாததைச் சொல்லு."

சல்லடை அக்கா தராசுத் தட்டை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தார். "அந்த மூட்டையை வாங்கினது அவன் இல்ல. 'வேணாம்க்கா, நிறம் கண்ணைக் குத்துது'ன்னு அவன்தான் சொன்னான். விலை சல்லிசா இருக்கேன்னு நான்தான் ஏத்திட்டு வந்தேன்."

"அடிப்பாவி."

"கதைக்கு ஒரு ஏமாளி வேணும்ல. நானே ஏமாளின்னு சொன்னா, என் கையால யாரு பருப்பு வாங்குவா?"

"அவனும் கடைக்காரன்தானே. நாளைக்கு அவன் எங்கயாவது ஒரு கடை போட்டா, அவன் கையால யாரு வாங்குவா?"

தையல்காரர் பாவாடையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இன்னைக்குத்தான் உன் லைவுக்குக் கூட்டம். இதைவிடப் பெரிய கூட்டம் உனக்கு இனிமே கூடப் போறதில்ல. சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உன் பாடு" என்றபடி தெருவைக் கடந்து போய்விட்டார். சற்று நேரத்தில் எதிர்க்கடையில் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

மாலை நேரலைக்கு, தேன் புட்டிகளுக்கு நடுவே கைபேசி நின்றது. தொடங்கிய கணத்திலேயே திரையின் உச்சியில் பார்வையாளர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. அவருடைய வழக்கமான ஆள்கள் அக்கூட்டத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்குப் புதியவர்கள். 'ஏமாளித் தம்பி எங்கே', 'தம்பியைக் கூப்பிடுங்க', 'அந்த நடையை ஒருமுறை நடந்து காட்டுங்க' என்று அடியிலிருந்து வரிகள் முண்டியடித்தன. சல்லடை அக்கா யாரையும் வரவேற்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கல்லாவின் மீது வைத்தார், எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த மஞ்சள் மூட்டை இருக்கு பாருங்க" என்றார். "அதை வாங்கினது என் தம்பி இல்லீங்க. நான். கையை விட்டுப் பார்த்து, விலை பேசி, வண்டியில ஏத்தினது நான். அவன் வேணாம்னு சொன்னான். அந்த நடை என்னோட நடை. உங்களைச் சிரிக்க வைக்க அவனைச் சொன்னேன்."

வரிகள் ஒரு நொடி நின்றன. பிறகு முன்னிலும் விரைவாக ஏறின. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் படிக்க முடியவில்லை. படிக்க முடிந்தவற்றில் சில இங்கே எழுதத் தக்கவையல்ல. 'அப்போ இவ்வளவு நாளா எங்ககிட்ட விற்றதும் பொய்தானா' என்று ஒருவர் கேட்டிருந்தார். பூப்படக்காரர் ஒருவர் ஒரு சொல்லும் எழுதாமல் விலகினார். உச்சியில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. சல்லடை அக்காவின் பார்வை, பெயர்கள் இருக்கும் இடத்தில் வரிவரியாக இறங்கி, ஒரே ஒரு பெயரைத் தேடி, அகப்படாமல், மீண்டும் மேலே போயிற்று.

கையை நீட்டினார். நேரலையை நிறுத்தப்போகிறார் என்றே நினைத்தேன். வரிகள் ஏறிவரும் கீழ்ப்பாதித் திரையை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டார். கருவியின் கண்ணை மட்டும் நேராகப் பார்த்தார். "இப்பத்தான் வந்தவங்களுக்காக மறுபடியும் சொல்றேன்" என்று முதலிலிருந்து தொடங்கினார்.