உயிரோடிருப்பவரின் மேசைவிரிப்பு

என் அக்கா வீட்டில் மேசைமேல் துணி விரித்துத்தான் சாப்பிடுவார்கள். விருந்தாளி வரவேண்டும் என்றில்லை. வெறும் ரொட்டியும் முட்டையும் என்றாலும் விரிப்பு உண்டு. ஆளுக்கொரு துணி நாப்கின், அதைச் சுருட்டிச் செருக ஒரு வளையம், தேநீர் ஆறாமல் இருக்கக் கெட்டிலின் தலையில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குல்லா. முதல் தடவை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். "கெட்டிலுக்குக் குளிருதாக்கும்" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. இதில் எதையும் அக்கா கடையில் வாங்கவில்லை. எல்லாம் அத்தான் கொண்டுவந்தவை.

அத்தானுக்கு வீடு காலி செய்து கொடுக்கும் தொழில். யாராவது இறந்துபோனாலோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு வேன், கூட இரண்டு ஆட்கள். உள்ளே நுழைந்ததும் சாமான்களை மூன்றாகப் பிரிப்பார்: குடும்பம் கேட்டது, விலைபோவது, குப்பை. குப்பையிலிருந்து தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தத் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒத்துக்கொண்ட விஷயம். அலமாரியையும் நாற்காலியையும் வாங்க ஆள் உண்டு. மேசைவிரிப்பை யாரும் சீண்டமாட்டார்கள். "இதையெல்லாம் யார் துவைச்சு யார் தேய்க்கறது?" என்று கையை உதறிவிடுவார்கள்.

நாங்கள் இந்த ஊரில் வந்து இறங்கியபோது ஆளுக்கு ஒரு பெட்டிதான். அதில் சான்றிதழ்களுக்கும் கம்பளிச் சட்டைக்கும் இடம் இருந்தது, மேசைவிரிப்புக்கு இல்லை. பல வருஷம் பிளாஸ்டிக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நேரத்தில், டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டோம். அத்தான் விரிப்புகளைக் கொண்டுவர ஆரம்பித்தபோது, பிறத்தியார் வீட்டுத் துணி என்ற கூச்சம் இருக்கத்தான் செய்தது. துவைக்கத் துவைக்கப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

அத்தானிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால், சாமானைத் தொடுவதற்கு முன் அவரை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுவார். முதியோர் இல்லமோ ஆஸ்பத்திரியோ, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உங்க வீட்டுலேருந்து என்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்பார். சிலர் ஒரு தலையணை கேட்பார்கள். ஒருவர் தன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வரச் சொன்னாராம். அதையும் கழற்றிக் கொடுத்தார். "ஆள் இருக்கும்போது ஆளைத்தான் கேக்கணும். பிள்ளைங்களைக் கேட்டா எல்லாம் குப்பைன்னுதான் சொல்லும்" என்பார். கூட வரும் ஆட்கள் அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரே ஒரு தடவை மீறினார்.

பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் தளத்தில் ஓர் அம்மா தனியாக இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் கட்டிடம் முழுக்க அவருக்கு எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றே பெயர். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகன் அத்தானைக் கூப்பிட்டு, டாக்டர் நம்பிக்கை தரவில்லை, பிழைத்தாலும் இனி இல்லத்தில்தான் இருக்கவேண்டும், வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று சாவியைக் கொடுத்தார். "அம்மாவை ஒரு தடவை பார்த்துட்டு..." என்று அத்தான் இழுத்தார். "பாதி நேரம் நினைவே இல்லைங்க. எதுக்குத் தொந்தரவு?" என்றார் மகன்.

சரி, வீட்டையாவது பார்ப்போம் என்று அத்தான் போனார். சாப்பாட்டு அறை அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் அந்த விரிப்பு இருந்தது. வெள்ளை லினன், ஓரம் முழுக்க நூலை உருவி உருவிச் சின்னச் சன்னல்கள் போலப் பின்னிய வேலை. ஒரு மூலையில் ஏதோ கிழிசலை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்படி யாரோ தைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால் அந்த அம்மா இதைத்தான் கேட்பார் என்று அத்தானுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனாலேயே போகவில்லை. இதை அவரே பிறகு அக்காவிடம் சொன்னார்; அக்கா என்னிடம் சொன்னாள்.

அன்று வாட்ச்மேன் லீவு; கேட்டில் யாரும் இல்லை. அலமாரிச் சாமான்களையும் அடுக்களைச் சாமான்களையும் மட்டும் ஏற்றினார்கள். கட்டில், மேசை எல்லாம் அடுத்த வாரம். அடுத்த வாரம் வருவதற்குள் மகன் போன் செய்தார். அம்மா தேறிவிட்டார், வீட்டுக்கே வருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், வேலையை நிறுத்திவிடுங்கள் என்றார். "எடுத்த சாமான்ல பாதி வித்துப்போச்சே" என்றார் அத்தான். "விடுங்க, கவனிக்கமாட்டாங்க."

விடுங்க என்று ஒருவர் சொன்னதும் விட்டுவிடுவது எவ்வளவு சுலபம்! அதற்குள் அக்கா அந்த விரிப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மேசையில் விரித்திருந்தாள். வீட்டில் இருந்த மற்ற விரிப்புகளெல்லாம் அதன் பக்கத்தில் கைக்குட்டை மாதிரித் தெரிந்தன.

இரண்டு மாதம் கழித்து அதே கட்டிடத்தில் வேறொரு வீட்டுக்கு, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை இறக்கப் போனார் அத்தான். வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"சேதி தெரியுமா? எக்ஸ்சேஞ்ச் அம்மா வீட்டுல திருட்டு."

"என்னது போச்சு?"

"அதான் சிரிப்பு. பவுனா, பணமா? டேபிள் கிளாத்து, கெட்டிலு, கரண்டி. அவங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ செடிக்குத் தண்ணி ஊத்த, அவங்களுக்குச் சமைச்சுப் போடற சமையல் அக்காகிட்ட சாவி குடுத்திருந்தாங்க. அவதான் அள்ளிட்டாளாம். பையனே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன? கேட்டுல நிக்க வெச்சு பேசி அனுப்பிட்டாங்க. இப்ப இந்த பில்டிங்குல ஒருத்தரும் அவளை வேலைக்குச் சேக்கறதில்லை."

அத்தான் அந்தத் தேநீரைக் குடித்து முடித்தாராம். குடிக்காமல் வைத்தால் வாட்ச்மேனுக்குச் சந்தேகம் வருமோ என்று பயந்தாராம்.

வீட்டில் அன்று அவர் மேசைக்கு வரவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்கார்ந்தார்.

"என்ன, துரைக்கு மேசை கசக்குதா?" என்றாள் அக்கா.

அத்தான் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சண்டைக்கு வந்தாள். "ஏங்க, பொய் சொன்னது அந்தப் பையன். நீங்க ஏன் திருடன் மாதிரி முழிக்கிறீங்க? போன் பண்ணி, உண்மையைச் சொல்லுடான்னு சொல்லுங்க."

"அவரு அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவாரு? நீ செத்துருவேன்னு நினைச்சு வீட்டைக் காலி பண்ணச் சொன்னேன்னா?"

அக்கா விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "இந்த மாதிரி விரிப்பெல்லாம் வந்த பிறகுதான் நாம எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிடறோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுகளை எடுத்துவிட்டு, விரிப்பை உருவினாள். குழம்பு சிந்திய கறை ஒன்று நடுவில் இருந்தது. எலுமிச்சை, உப்பு, வெந்நீர் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாள். மஞ்சளாக ஒரு நிழல் மட்டும் போகவே இல்லை.

"கறையோட குடுத்தா மானம் போயிடும்," என்றாள்.

"அதுதான் போகணும்," என்றார் அத்தான்.

போகும் வழியெல்லாம் ஒரு கதையைத் தயார்செய்துகொண்டே போனார். மகனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது; அந்தப் பெண் மீதிருந்த பழியும் போகவேண்டும். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் இரண்டும் நடந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா சுவரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தார். சாப்பாட்டு மேசையில், மரம் தெரியாமல், செய்தித்தாளை விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அத்தானுக்குத் தயார்செய்த கதையின் முதல் வரி மறந்துபோயிற்று. பையிலிருந்து விரிப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். விரிப்போடு எடுத்திருந்த கெட்டில் குல்லாவையும் வைத்தார்.

"நான்தாம்மா எடுத்தேன். சாமான் தூக்க வந்தவன். உங்க வீட்டுல ஆள் இல்லைன்னு தெரிஞ்சு... உள்ள வந்துட்டேன். அந்தச் சமையல் அக்கா எடுக்கலை."

அந்த அம்மா விரிப்பைப் பிரித்தார். தைத்த மூலையை முதலில் தேடினார். பிறகு நடுவில் இருந்த மஞ்சள் நிழலைப் பார்த்தார்.

"விரிச்சு சாப்பிட்டீங்களா?"

"தினமும்மா."

"உக்காருங்க தம்பி." அவரும் உட்கார்ந்தார். "பூட்டை உடைச்சீங்களா?"

"இல்லைம்மா."

"உடைஞ்சிருந்தா எனக்குத் தெரியும். சாவி போட்டுத் திறந்திருக்கீங்க. அவ குடுத்தாளா சாவி?"

அத்தானின் கணக்கில் இந்தக் கேள்வி இல்லவே இல்லை. ஆமாம் என்றால் அந்தப் பெண் தொலைந்தாள். "இல்லைம்மா. அவங்க குடுக்கலை" என்றார்.

"இந்த வீட்டுக்கு வெளியில ரெண்டு சாவிதான் இருந்துச்சு," என்றார் அந்த அம்மா.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போவதற்குள் அந்த அம்மா விரிப்பைப் பழைய மடிப்பிலேயே மடித்திருந்தார்.

"எல்லாத்தையும் எடுக்கச் சொன்னானா?"

"கட்டிலு, மேசை எல்லாம் அடுத்த வாரம் எடுக்கறதா இருந்துச்சும்மா." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

"கட்டிலுமா?"

"டாக்டர் கைய விரிச்சுட்டாராம்மா. அழுதுகிட்டேதான் சாவியைக் குடுத்தாரு." மகன் அழுதாரா இல்லையா என்று அத்தானுக்கு உண்மையில் நினைவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, சொல்லிவிட்டார். அந்த அம்மா நம்பினாரா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

"வழக்கமா இப்படித்தான் பண்ணுவீங்களா? ஆளைக் கேக்கறதில்லையா?"

"கேப்பேன்மா. உங்களைத்தான் கேக்கலை."

"ஏன்?"

"கேட்டா குடுத்திருக்கமாட்டீங்க."

அந்த அம்மா சிரித்ததுபோல இருந்ததாம். இருமலாகவும் இருக்கலாம். "வேலை பார்த்த காலம் பூரா ஊர்ல உள்ளவங்க பேசறதைக் காதுல வாங்கிட்டு, வாங்காத மாதிரி இருந்தவ நான். அவன்கிட்டயும் அப்படி இருந்துக்கறேன். நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது. ஆனா அவளைக் கூட்டிட்டு வாங்க. நான் அவளைப் பேசின பேச்சு..." என்று நிறுத்திக்கொண்டார்.

சமையல் அக்கா ஒரு விடுதியின் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்வாசலில் நின்று அத்தான் சொன்னதையெல்லாம் ஈரக் கையோடு கேட்டாள். மகன் பேச்சை அத்தான் எடுக்கவில்லை. தான் எடுத்ததாக மட்டும் சொன்னார்.

"எவ்வளவு நாளா வீட்டுல வெச்சிருந்தீங்க அண்ணே?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம் நான் சமையல்காரி இல்லை. பாத்திரம் தேய்க்கறவ." கையை முந்தானையில் துடைத்தாள். "துணிக்கா அண்ணே? துணிக்கா?"

"நல்லா இருந்துச்சும்மா," என்றார் அத்தான்.

"அவங்க வீட்டுக்குள்ள கூப்பிட்டு காதோட சொன்னா ஆச்சா? என்னைக் கேட்டுல நிக்க வெச்சுப் பேசினாங்க. அங்கேயே வந்து சொல்லட்டும்."

அத்தான் அதை அப்படியே போய்ச் சொன்னார். எக்ஸ்சேஞ்ச் அம்மா செருப்பைத் தேடினார். இரண்டு மாடியையும் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி இறங்கினார். அத்தான் ஒரு படி பின்னால், முழங்கையைப் பிடிக்கலாமா என்று கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக வந்தார். பிடிக்கவில்லை.

சமையல் அக்கா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். வாட்ச்மேனும், காய்கறிப் பையோடு திரும்பிய இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் குரல் மெலிந்திருந்தாலும் டெலிபோனில் பேசிய காலத்துத் தெளிவு போகவில்லை.

"இவ எடுக்கலை. நான்தான் தப்பாச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

"அப்ப யாரும்மா எடுத்தது?" என்றார் வாட்ச்மேன்.

அந்த அம்மா தரையைப் பார்த்தார். அவர் பதில் சொல்லப்போவதில்லை என்று அத்தானுக்குப் புரிந்தது. சொன்னால் அடுத்த கேள்வி மகனைப் பற்றித்தான் வரும்.

"நான்தான்," என்றார் அத்தான்.

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனையோ தடவை தேநீர் ஊற்றிக் கொடுத்தவர். "வண்டியைத் திற," என்றார். அதுவரை 'வாங்க' 'போங்க' என்று பேசியவர் அவர்.

அத்தான் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே ஒரு கயிற்றுச் சுருளும், சாமான் போர்த்தும் பழைய கம்பளியும் கிடந்தன. வாட்ச்மேன் கம்பளியை உதறிப் பார்த்தார். காய்கறிப் பைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சமையல் அக்கா, "இருக்கட்டும், விடுங்க" என்று சொல்வாள் என்று அத்தான் ஒரு நொடி எதிர்பார்த்தாராம். அவள் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் கையைப் பிடித்து, "மெதுவா" என்று சொல்லிக்கொண்டே, படி ஏறத் தொடங்கியிருந்தாள்.